சுங்கம் இல்லாத தோப்பு

அரசாங்கம் ஊருக்கே மிக்சியும் மின்விசிறியும் சும்மா கொடுத்த காலத்தில் வரிசையில் போய் நிற்காத ஒரே வீடு பெருமாயியுடையது. “இன்னிக்கி வாங்குனா நாளைக்கி அவுக கூப்புட்ட எடத்துக்கெல்லாம் போயிக் கைதட்டணும். எனக்கு அம்மியே போதும்” என்று சொல்லிவிட்டாள். அவள் கணவர் சோலைமுத்து மட்டும் கொஞ்ச நாள் அந்த மிக்சியை நினைத்துப் பெருமூச்சு விட்டார்.

ஆத்தூர்ப் பக்கம் அவர்களுக்கு ஒரு கிணற்றுத் தோட்டம் இருந்தது. கத்தரி, வெண்டை, தக்காளி என்று எதையாவது போட்டு, செவ்வாய்தோறும் பக்கத்துப் பேரூரின் வாரச் சந்தைக்குக் கொண்டுபோவாள் பெருமாயி. அந்தச் சந்தைக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப்பக்கம், பிறந்த வீட்டில் அவளுக்குக் கொடுத்த தென்னந்தோப்பு ஒன்றும் இருந்தது. பட்டா அவள் பேரில். தேங்காய் வெட்டும்போது தவிர யாரும் அதற்குள் கால் வைப்பதில்லை.

வியாபாரத்தில் பெருமாயி கறார். “வெலை நாஞ் சொல்லுவேன். வேணும்னா வாங்கு, வேணாம்னா நட. இதுல யாரும் யாரையும் கட்டாயப்படுத்தல” என்பாள். வாங்குகிறவள் முறைத்துக்கொண்டு போவாள், அரை மணி கழித்துத் திரும்பி வருவாள். அந்தத் திரும்பி வருகிற நேரந்தான் பெருமாயிக்குச் சந்தோஷம்.

சந்தையில் சுங்கம் வசூலிக்கும் உரிமையைப் பேரூராட்சி ஏலம் விடும். தொடர்ந்து அதை எடுத்து வந்தவன் ஆண்டிச்சாமி. கூடைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று எழுதிய பலகை ஒன்று வாசலில் இருந்தது. அதன்மேல் எப்போதோ யாரோ கல்யாண போஸ்டரை ஒட்ட, அதற்குப் பிறகு ஆண்டிச்சாமி வாயில் வந்ததுதான் கணக்கு.

தை மாதத்துச் செவ்வாய் ஒன்றில் பெருமாயி சீட்டுக் கேட்டாள். இரண்டு மடங்கு வாங்குகிறாயே, வாங்கியதற்குச் சீட்டுக் கொடு என்றாள். ஆண்டிச்சாமி சிரித்தான்.

“சீட்டா? ஏத்தா, இந்த எடம் இன்னிக்கி என் எடம். உக்காரணும்னா குடு, இல்லைன்னா கெளம்பு.”

“எடம் பஞ்சாயத்துது. காய் எனது. வாங்குறவ துட்டு அவளுது. நடுவுல நீ யாருய்யா?”

அவன் காலால் தக்காளிப் பெட்டியை எத்தினான். பழம் தெறித்து மண்ணில் உருண்டது. அவனுடைய ஆட்கள் அதன்மேல் நடந்தார்கள். பிறகு அவன் பக்கத்தில் நின்ற சோலைமுத்துவைப் பார்த்து, “பெறக்குய்யா, பொம்பளைய அடக்கத் தெரியல” என்றான். சோலைமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து, நசுங்காத பழங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். சந்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

தக்காளி போனது பெருமாயிக்கு ஆறிவிட்டது. அந்த முதுகு குனிந்தது ஆறவில்லை.

போலீசில் சொன்னாள். ஏலம் எடுத்தவரிடம் நீங்களே பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பேரூராட்சியில் சொன்னாள். ஏலம் விட்டாச்சும்மா, இனி அவர் பொறுப்பு என்றார்கள். வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்றபோது அவளுக்கு ஒன்று விளங்கியது. இவர்கள் ஏலம் விட்டது அந்தப் பொட்டலை அல்ல. உட்கார்ந்து விற்கிற தன்னைத்தான். தன் வேர்வையிலிருந்து எடுத்துக்கொள்ளும் உரிமையை, தன்னைக் கேட்காமல், இன்னொருவனுக்கு விற்றிருக்கிறார்கள்.

அன்றே தோப்பைத் திறந்திருக்கலாம். சோலைமுத்துகூட, “நம்ம தோப்புலேயே கடைய வச்சிக்குவோம் புள்ள, எதுக்கு வம்பு” என்றார்.

“வைப்போம். இப்ப இல்ல” என்றாள் பெருமாயி. “இப்ப வச்சா அவனுக்கு நட்டமில்ல. குத்தகை முடியப் போகுது. அடுத்த ஏலத்த அவன் எடுக்கட்டும். நல்லா ஒசத்தி எடுக்கட்டும்.”

சோலைமுத்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மாட்டுக்குத் தண்ணி வைக்கப் போய்விட்டார்.

பங்குனி வரை அவள் அவனை எதிர்த்து வாயைத் திறக்கவில்லை. ஆண்டிச்சாமி கேட்ட சுங்கத்தைக் கேட்டபடி கொடுத்தாள். அவன் ‘இப்ப வழிக்கு வந்துட்ட’ என்று கேலி பேசியபோது தலையைக் குனிந்துகொண்டாள். அதே நேரத்தில் டீக்கடை, மாவு மில், பஸ் என்று போன இடமெல்லாம், “ஒட்டன்சத்திரத்துல இருந்து பெரிய ஆளு ஒருத்தர் இந்தச் சந்தைய ஏலத்துல கேக்கப் போறாராம்ல” என்று போகிற போக்கில் போட்டு வைத்தாள். அப்படி யாருமே இல்லை. ஆனால் ஏலத்தன்று ஆண்டிச்சாமி இல்லாத ஆளுக்குப் பயந்து, தன் தம்பியின் வீட்டுப் பத்திரத்தையும் அடகு வைத்து, இதுவரை அந்தச் சந்தை காணாத தொகைக்கு மூன்று வருஷக் குத்தகையை எடுத்தான். மாலை போட்டுக்கொண்டு ஜீப்பில் ஊர்வலம் வந்தான். பெருமாயி ரோட்டோரம் நின்று பார்த்தாள். அன்று ராத்திரி அவள் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

சித்திரை முதல் செவ்வாயன்று தோப்பின் முள்வேலி பிரிக்கப்பட்டது. வாசலில் பழைய தார்ப்பாயில் வெள்ளைப் பெயிண்டால் எழுதித் தொங்கவிட்டிருந்தாள்: ‘சுங்கம் இல்லை. யாரும் விற்கலாம்.’

முதலில் வந்தவள் சைதூன். திண்டுக்கல் பேகம்பூரிலிருந்து நைட்டியும் பாவாடையும் மூட்டை கட்டி பஸ்ஸில் கொண்டுவந்து விற்பவள். தக்காளியை மிதித்த அன்று ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த ஒரே ஆள் அவள்தான்.

“அக்கா, நெசமாவே காசு இல்லையா?”

“இல்ல. எந்த மரத்தடி வேணுமோ உக்காரு.”

“அல்லாவே, இந்த நெழலுக்கே குடுக்கலாம்கா” என்று மூட்டையைப் பிரித்தாள் சைதூன்.

ஆடி பிறப்பதற்குள் எதிர்ச் சந்தை காலியானது. கருவாடு, வளையல், வெங்காயம், கருப்பட்டி, பாத்திரம் எல்லாம் ரோட்டைத் தாண்டி இந்தப்பக்கம் வந்துவிட்டன. பெருமாயி தன் காய்களை விற்கும் வேலையை சோலைமுத்துவிடம் விட்டுவிட்டு, எதிர்ச் சந்தையின் வாசல் நேராகத் தெரிகிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அங்கே ஆண்டிச்சாமி ரசீதுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஈ ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதே அவளுக்குச் செவ்வாய்க்கிழமை.

சும்மா இருப்பானா அவன்? அவன் புகாரின்பேரில் பேரூராட்சிச் செயல் அலுவலர் வந்து நின்றார். சின்ன வயசுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார்.

“அம்மா, தனியார் எடத்துல சந்தை நடத்த லைசென்ஸ் வேணும். கழிப்பறை இல்ல, குப்பை எடுக்க ஆள் இல்ல, ரோட்டுல வண்டி நிக்குது. நாளைக்கி ஒரு கொழந்தை அடிபட்டா யார் பதில் சொல்றது?”

“எதிர்ல அம்புட்டுத் துட்டு வாங்குனீகளே, அங்க கக்கூஸுக் கதவு இருக்கா சார்?”

அவர் எதிர்ப்பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு, “அரசாங்கமே வேணாங்கிறீங்க, மிக்சிகூட வாங்கலயாம். ஒங்க கெணத்து மோட்டாரு இலவச கரண்டுலதானே ஓடுது?” என்றார்.

அந்தக் கேள்வி அவளை வீடுவரை துரத்தியது. மிக்சியை வேண்டாம் என்ற வாய், கரண்டை வேண்டாம் என்று சொல்லவில்லைதான். மீட்டர் வைத்துக் காசு வாங்கட்டும், கொடுக்கிறேன் என்று மறுநாள் தோட்டத்தில் சத்தம் போட்டாள். கேட்க அங்கே சோலைமுத்துவைத் தவிர யாரும் இல்லை.

தோப்பை மூடச் சொல்லி நோட்டீஸ் வந்தது. அவளுடைய தங்கை மகள் தீபா திண்டுக்கல்லில் வக்கீல். லைசென்ஸுக்கு மனுப் போட்டு, அது முடிவாகும்வரை தோப்பை மூடக்கூடாது என்று கோர்ட்டில் தடை வாங்கிக் கொடுத்தாள். “பெரியம்மா, கவர்மெண்டு வேணாம்னு சொல்லிட்டு கவர்மெண்டு கோர்ட்டுக்கே போறோம்” என்று சிரித்தாள்.

“என் எடத்த என் எடம்னு சொல்ல ஒரு ஆளு வேணும்ல. அதுக்கு மட்டும் இருக்கட்டும். மத்ததுக்கெல்லாம் வேணாம்” என்றாள் பெருமாயி.

ஆண்டிச்சாமி உடைய ஆரம்பித்தான். முதலில் ஆட்கள் போனார்கள். பிறகு குட்டியானைச் சரக்கு வண்டி போனது. ஒருநாள் பைனான்ஸ்காரர்கள் டிராக்டரை எடுக்க வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பெருமாயி நல்ல சேலை கட்டிக்கொண்டு அவன் தெருமுனை டீக்கடைக்குப் போய் உட்கார்ந்தாள். டிராக்டர் அவளைக் கடந்து போகும்வரை டீயை உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தாள். அவன் வாசலில் நின்று அவளைப் பார்த்தான். அவளும் பார்வையை எடுக்கவில்லை. அடகிலிருந்த தம்பி வீடும் போய், தம்பி அண்ணனோடு பேசுவதை நிறுத்தினான் என்று கேட்டபோது, “இன்னும் இருக்கு” என்றாள்.

குத்தகைத் தவணை கட்ட முடியாமல் போனதால் பேரூராட்சி அவன் குத்தகையை ரத்து செய்தது. அதற்குப் பிறகு வந்த ஒரு செவ்வாயன்று ஆண்டிச்சாமி தோப்பு வாசலில் வந்து இறங்கினான். வாடகை ஆட்டோவில் நாலு மூட்டை சின்ன வெங்காயம். தன் மிச்சக் காட்டில் தானே விளைவித்தது. முதுகில் ஒரு மூட்டையைச் சுமந்தபடி உள்ளே கால் வைத்தான்.

பெருமாயி நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

“எறக்காத.”

“வாசல்ல யாரும் விக்கலாம்னு போட்டிருக்கு” என்றான், மூட்டையின் கனத்தில் கழுத்து நீண்டிருக்க.

“நீ அந்த ‘யாரும்’ல சேத்தி இல்ல.”

“புள்ளைக்கு பீஸ் கட்டணும்த்தா. பழசப் பேச வேணாம். நா செஞ்சது தப்புத்தேன்.”

அவன் அப்படிச் சொல்லக் கேட்க வேண்டும் என்று எத்தனை நாள் நினைத்திருந்தாள்! வந்தது. ஆனால் அவளுக்கு அது பத்தவில்லை. தாகத்துக்கு ஒரு வாய் குடித்தவுடன் இன்னும் தாகம் எடுப்பது போல இருந்தது.

“இது என் எடம். என் இஷ்டம். தூக்கிட்டு வெளிய போ.”

கருவாட்டுக்காரர் தராசைக் கீழே வைத்திருந்தார். ஆண்டிச்சாமி யாரையும் பார்க்காமல் மூட்டையோடு திரும்பி ரோட்டோரம் வெயிலில் கொட்டி விற்க உட்கார்ந்தான். பெருமாயி நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சாயங்காலம்வரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சந்தை கலையும்போது சைதூன் மூட்டையைக் கட்டிக்கொண்டு அவளிடம் வந்தாள்.

“அக்கா, ஒண்ணு கேக்கவா? கோவிச்சுக்கக்கூடாது. இனிமே இன்னாரு விக்கக்கூடாதுன்னு நீங்க நெனச்சா, யாரா இருந்தாலும் போயிறணுமா?”

“ஒன்னய யாரு போகச் சொன்னா?”

“இன்னிக்கிச் சொல்லல. நாளைக்கி நம்ம ரெண்டு பேருக்கும் ஒரு வாய்த்தகராறு வந்தா? யாரை வெளிய அனுப்புறதா இருந்தாலும் இங்க உக்காந்திருக்குற எல்லாரயும் கேட்டுத்தேன்னு ஒரு பேச்சு பேசி வச்சிக்குவோம்கா.”

“ஏந் தோப்புல ஆரு வரணும்னு ஊரக் கேக்கணுமா? அப்பறம் எனக்கும் அந்தப் பேரூராட்சிக்கும் என்ன வித்தியாசம்?”

“அதத்தேன்கா நானும் கேக்குறேன்” என்றாள் சைதூன். குரலில் கோபம் இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போனாள்.

எதிர்ச் சந்தையை ஏலம் கேட்க ஆள் இல்லாமல், பேரூராட்சி தானே வசூலித்தது. போஸ்டரைக் கிழித்துப் பலகைக்குப் புது வர்ணம் அடித்தார்கள். கழிப்பறைக்குக் கதவு வந்தது, விளக்கு வந்தது, தகரக் கூரை வந்தது. சுங்கமும் பழையதில் பாதிகூட இல்லை. வியாபாரிகளில் ஒரு பகுதி திரும்பிப் போனார்கள். சைதூனும் போனாள். பெருமாயி இரண்டு வாரம் அவளோடு பேசவில்லை. மூன்றாம் வாரம் அவளே ரோட்டைத் தாண்டிப் போய்க் கேட்டாள்.

“நாஞ் சும்மா எடம் குடுத்தேன். இங்க காசு குடுத்து உக்காந்திருக்க.”

“இங்க கக்கூஸு இருக்குக்கா. பொம்பளைக்கு அது வேணும்ல? அங்க கட்டுங்க, அங்க வாரேன். ஒரு வாரம் இங்க, ஒரு வாரம் அங்க. எனக்கென்ன, இதுல யாரும் யாரையும் கட்டாயப்படுத்தலயே.”

பெருமாயிக்குச் சுருக்கென்றது. தன் வாயில் வருகிற பேச்சை இன்னொருத்தி வாயில் கேட்பது சுகமாக இல்லை. ஆனாலும் அதில் மறுக்க ஒன்றும் இல்லை. அந்த மாதமே கொத்தனாரைக் கூப்பிட்டுத் தோப்பின் மூலையில் இரண்டு கழிப்பறை கட்டினாள். அந்தச் செலவுக்காகக் கூடைக்கு ஒரு சிறு தொகை வாங்க ஆரம்பித்தாள், சீட்டுக் கொடுத்து. வாசலில் ‘சுங்கம் இல்லை’ என்று தொங்கிய தார்ப்பாயை இறக்கிவிட்டாள். லைசென்சும் வந்தது. இப்போது ரோட்டுக்கு இரண்டு பக்கமும் சந்தை கூடுகிறது. ஒருவர் சுங்கத்தை ஏற்றினால் கூட்டம் மறுபக்கம் போய்விடும் என்று இரு தரப்புக்கும் தெரியும். அதனால் யாரும் ஏற்றுவதில்லை. அந்த வட்டாரத்திலேயே குறைந்த சுங்கம் அங்கேதான் என்று கன்னிவாடிப் பக்கமிருந்துகூட வண்டி வருகிறது.

ஆண்டிச்சாமி பேரூராட்சிச் சந்தையில் சீட்டு வாங்கிக்கொண்டு வெங்காயம் விற்கிறான். தலை நரைத்துவிட்டது. போன மாதம் தீபா தோப்புச் சந்தைக்கு வந்திருந்தபோது, “போதாதா பெரியம்மா? ஒரு வாரம் உள்ள விட்டாத்தான் என்ன?” என்று கேட்டாள். சோலைமுத்துகூட வாயைத் திறந்து, “எனக்கு எப்பவோ மறந்துபோச்சு புள்ள” என்றார்.

“ஒங்களுக்கு மறந்திருக்கும்” என்றாள் பெருமாயி. “எனக்கு மறக்க வேணாம்.”

வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்க்கிற ஒருத்தியிடம், ஒடித்ததை எல்லாம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சத்தம் போட்டபடி தராசைத் தூக்கினாள்.