மச்சத்தின் மேல் விழுந்த பழி

சுடச்சுடப் பேக்கரிப் பாணை நடுவால் பிய்த்தால் ஓர் ஆவி எழும். லேசான புளிப்பு, அடிப்பக்கம் கருகிய மாவின் வாசம்... பருத்தித்துறைக் கரையில் என் சின்ன வயதுக் காலைகள் அந்த ஆவியோடுதான் விடிந்தன.

எனக்கு ஓயாத வயிற்றோட்டம். வயிறு மட்டும் ஊதி, கையும் காலும் ஈர்க்குப் போல இருந்தன. எங்கள் ஊரில் நோய் வருத்தம் பார்க்க யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. பிஸ்கற் பெட்டியோடு வருவார்கள். வருத்தக்காரருக்குப் பாண்தான் நல்லது என்றும் சொல்லிவிட்டுப் போவார்கள்.

நான் மெலிய மெலிய வீட்டில் பாணும் பிஸ்கற்றும் பெருகின. அவை பெருகப் பெருக நான் மெலிந்தேன். இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஒருவரும் நினைக்கவில்லை. அன்போடு கொண்டுவந்து தருவதை யார் சந்தேகிப்பார்கள்?

ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் தேறுவேன்.

நல்லூர் முருகன் கோயிலில் கொடி ஏறியதும் வீடு விரதத்துக்கு மாறும். மத்தியானம் சோறும் மரக்கறியும், இரவில் பாலும் பழமும். தேர் இழுக்கும் நேரம் என் வயிறு வற்றியிருக்கும். விரதம் முடிந்து வீட்டில் மீன் வெட்டத் தொடங்கினால் எல்லாம் பழையபடி.

அம்மா யோசித்துப் பார்த்தார். விரதத்தில் விட்டது மச்சம், அதாவது மீனும் இறைச்சியும். பிறகு தொட்டதும் மச்சம். எனவே எனக்கு மீன் ஒத்துவரவில்லை, முருகனே அதைக் காட்டித் தந்துவிட்டார். ஆய்வு என்ற அளவில் குறை சொல்ல முடியாது. ஒப்பிட இரண்டு காலங்கள் இருந்தன, ஒவ்வோர் ஆண்டும் ஒரே விளைவு வந்தது. முடிவு மட்டும்தான் பிழை.

பிள்ளைக்கு இனி மச்சம் கொடுப்பதில்லை என்று அம்மா முருகனுக்கு நேர்த்தி வைத்தார். அதன் பிறகும் நான் தேறவில்லை. நேர்த்தியில் ஏதோ குறை என்றார்.

அப்பா கடற்றொழிலாளி. நாட்டில் சண்டை முடிந்து, கடல் அவருக்குத் திரும்பக் கிடைத்த காலம் அது. அவர் பிடித்த மீனை ஊர் தின்றது, எனக்கு மட்டும் பருப்பு. கரையேறினால் கிணற்றடியில் சவர்க்காரம் போட்டு முழுகிவிட்டுத்தான் எனக்குக் கிட்ட வருவார். தன் கையில் இருக்கும் மீன் வெடுக்கே பிள்ளைக்கு நஞ்சு என்று நம்பியிருந்தார்.

ஒரு திருவிழா முடிந்த கையோடு பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தேன். ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் டொக்டர். இரத்தம் மிகவும் குறைவு என்றார். அம்மா முருகனில் தொடங்கி முழுக் கதையையும் சொன்னார். டொக்டர் சிரிக்கவில்லை. விரதத்தில் மச்சத்தைத் தவிர வேறு என்ன விடுவீர்கள் என்று கேட்டார்.

"முட்டை."

"வேறை?"

"வேறை ஒண்டும் இல்லை டொக்டர்."

கதவடியில் நின்ற அப்பா மெல்லச் சொன்னார். "பாணும் வாங்கமாட்டம். பேக்கரித் தட்டிலை முட்டை படும் எண்டு பாண், பணிஸ், பிஸ்கற் ஒண்டும் வீட்டுக்கை எடுக்கிறேல்லை."

அம்மா திரும்பி அவரைப் பார்த்தார். "பாண் மச்சமே?"

டொக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

சீலியாக் என்று ஒரு நோய் இருப்பதாகச் சொன்னார். கோதுமையில் உள்ள ஒரு புரதம் உள்ளே போனால், சிலருடைய உடம்பு தன் குடலையே தாக்கத் தொடங்கும். அது வெள்ளைக்காரரின் வருத்தம் என்றுதான் பழைய புத்தகங்களில் இருக்குமாம். பிறகு வட இந்தியாவில் தேடினார்கள், அங்கேயும் இருந்தது. எங்கள் பக்கத்தில் தேடியவர்கள் குறைவு. தேடாத இடத்தில் நோய் இல்லை என்று எழுதுவது சுலபம்.

ஆனால் அந்த நோயைச் சோதிக்க உடனே இரத்தம் எடுக்க மறுத்தார்.

"இப்ப எடுத்தா ரத்தம் பொய் சொல்லக்கூடும் அம்மா. விரதத்திலை கோதுமை உள்ளுக்குப் போகேல்லை. கொஞ்சக் காலம் ஒழுங்காப் பாண் குடுங்கோ, பிறகு எடுப்பம்."

பாணைக் குற்றவாளி என்று நிரூபிக்கப் பாணையே தின்ன வேண்டும். அம்மா தன்னால் முடியாது என்று அழுதார். காலையில் அப்பாதான் வாங்கி வந்து பிய்த்துத் தந்தார். வயிறு திரும்ப ஊதியது... பிறகு இரத்தம் கொழும்புக்குப் போனது. வாய் வழியாகக் குழாய் விட்டு, குடலில் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள்.

சீலியாக்தான்.

அன்று அப்பா விளைமீன் கொண்டுவந்தார். நேர்த்தியை முறிக்க அம்மாவுக்குப் பயம், சட்டியைத் தரவில்லை.

"முருகன் சரியாத்தான் காட்டினவர்," என்றார் அப்பா. "அவர் பாணையும் சேர்த்துத்தானே நிப்பாட்டினவர். நாங்கள்தான் பிழையா விளங்கினனாங்கள்."

அம்மா சட்டியை எடுத்துக் கொடுத்தார்.

இப்போது நான் வாழும் கொழும்பில், கடைகளில் கோதுமை இல்லாத பிஸ்கற்றே தனித் தட்டில் இருக்கிறது. கலியாண வீட்டில் பலகாரம் வேண்டாம் என்றால் "டயற்றோ?" என்று மரியாதையோடு கேட்கிறார்கள். நோய்க்கு ஓர் அந்தஸ்து வந்துவிட்டது.

என் மகளுக்கு மூன்று வயது. இது குடும்பத்தில் தொடரக்கூடியது, அவளுடைய இரத்தத்தையும் பார்க்க வேண்டும். அதுவரை அவள் பாண் சாப்பிட வேண்டும். அன்று தெரியாமல் கொடுத்தார்கள். இன்று எல்லாம் தெரிந்துகொண்டு நான் பிய்த்துக் கொடுக்கிறேன். அவள் இன்னும் வேண்டும் என்று கேட்கிறாள்...

போன கிழமை அப்பாவிடம் கேட்டேன், அந்த நாட்களில் எப்படி மனம் வந்து கொடுத்தீர்கள் என்று.

"குடுத்துப்போட்டு, நீ சாப்பிட்டு முடியுமட்டும் கடலைப் பாத்துக்கொண்டு நிண்டனான் பிள்ளை."

என் சமையலறை யன்னலால் பார்த்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரிகிறது.