பாய் கூண்டேறிய நாள்

எங்கள் வீட்டில் ஜப்தி செய்யத் தகுந்த பொருள் ஒன்றே ஒன்றுதான், இரும்பு பீரோ. என் புத்தகங்களை, ஜப்திக்கு வரும் கோர்ட் அமீனா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார் என்பதில் என் மனைவிக்குச் சந்தேகமே இல்லை.

எழுபதுகளின் கடைசி. பழங்காநத்தத்தில் குடியிருந்தோம். பீரோவைத் தவணையில் கொடுத்தவர் டவுனில் கடை வைத்திருந்த ஒரு பாய். கடை நொடித்துப்போகவே, வரவேண்டிய பாக்கிகளை மொத்தமாகக் காளவாசல்காரர் ஒருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். பிறத்தியார் கடனைக் குறைந்த விலைக்கு வாங்கி, முழுத் தொகைக்கும் வழக்குப் போடுவது அந்தக் காளவாசல்காரரின் தொழில். இது எதுவும் எனக்குத் தெரியாது. பாய் எங்கள் வீட்டுக்கு வந்து கேட்டார். மிச்சத்தை முழுதாகக் கொடுத்தேன். அவரிடம் ரசீது கேட்கிற பழக்கம் யாருக்கும் கிடையாது. அதற்குப் பிறகுதான் காளவாசலிலிருந்து நோட்டீஸ் வந்தது. அப்புறம் சம்மன்.

"மெய்யாவே பீரோவத் தூக்கிட்டுப் போயிருவாய்ங்களா?" என்றாள் மனைவி.

வக்கீலிடம் ஓடினேன்.

"கடன் கைமாறுன சேதி ஒங்களுக்கு வாரதுக்கு முன்னாடி பழைய ஆளுட்ட கட்டுனா, அது செல்லும்ணே. சட்டம் ஒங்க பக்கம். ஆனா, வாங்குனேன்னு பாய் கூண்டுல ஏறிச் சொல்லணும்."

"சொன்னா?"

"வித்த கடனை வசூல் பண்ணிட்டாருன்னு அவரு மேல அடுத்த கேஸு."

பாய் வீட்டுக்குப் போனேன். அம்புட்டுப் புத்தகம் படித்த என் வாய், மழை பெய்யாததைப் பற்றியே வெகுநேரம் பேசியது. டீயைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

"சம்மன் வந்திருச்சா தம்பி?"

"வந்திருச்சு பாய்."

"அதச் சொல்லவா மழைய இந்தப் பாடு படுத்துனீங்க? போங்க, நான் வாரேன்."

வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. எதிர்க்கட்சி வக்கீல் எகத்தாளமாகக் கேட்டார்: "வித்த பாக்கின்னு தெரியாமலா வாங்குனீங்க?"

"தெரிஞ்சுதான் வாங்குனேன்."

கூண்டின் கட்டையைப் பிடித்தபடி மெதுவாக இறங்கினார்.

பீரோ பிழைத்தது என்று என் வக்கீல் கைகுலுக்கினார். வராந்தாவில் காளவாசல்காரர் பாயைக் காட்டித் தம் வக்கீலிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

நானும் பாயும் ஒரே பஸ்ஸில் ஏறினோம். நான் பையில் கைவிடுவதற்குள் பாய் இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டார்.

"என்ன பாய் இது!"

"இருக்கட்டும் தம்பி. இதுக்காச்சும் ரசீது தர்றாய்ங்க."

என் டிக்கெட்டை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.