பிஸ்கட்டில் ஒரு மஞ்சள் நட்சத்திரம்

மலாய் நாடு சுதந்திரம் அடைந்த ஆண்டில், எங்கள் காஜா பெராங் வட்டாரத்திலேயே நிறங்களைப் பற்றி அதிகம் தெரிந்தவன் நான்தான் என்று ஒரு பேச்சு இருந்தது. கிளப்பிவிட்டதும் நான்தான். தமிழ்ப் பள்ளியில் வாத்தியார் வேலை, அச்சுக்கலை பற்றி நூலகத்தில் எடுத்த ஒரு புத்தகம், அதில் படித்து முடித்த இரண்டு அத்தியாயம்: என் மூலதனம் இவ்வளவே. என் தாய்மாமாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

மாமா பிஸ்கட் சுடுபவர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையும் செங்கல் அடுப்பும். சுதந்திர நாளன்று பள்ளித் திடலில் நடக்கவிருந்த தேநீர் விருந்துக்கு, மேலே நாட்டின் கொடி அச்சிட்ட பிஸ்கட் வேண்டும் என்று வட்டாரக் கொண்டாட்டக் குழு அவரைக் கேட்டது. எல்லாம் ஒன்றுபோல் இருக்க வேண்டும், நிறம் பிசகக் கூடாது, வயிற்றுக்கு ஆகாதது எதுவும் இருக்கக் கூடாது.

வேறு யாராக இருந்தாலும் இதில் பயப்பட ஒன்றுமில்லை. மாமாவுக்கு இருந்தது. எஸ்டேட்டில் சங்க வேலை பார்த்த அவருடைய தம்பி, கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் அவசரகாலம் அறிவித்த கொஞ்ச நாளில் அவர்களோடு காட்டுக்குள் போய்விட்டார். இருக்கிறார் என்றும் தகவல் இல்லை, செத்தார் என்றும் இல்லை. அதன்பின் மாமாவைப் பார்க்க ஒருவர் வர ஆரம்பித்தார். சீருடை போடாத போலீஸ்காரர், நம்மவர். சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, “அண்ணே, டீ இருக்கா?” என்று பலகையில் உட்காருவார். தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். மழை எப்படி, மாவு எப்படி, முதுகுவலி எப்படி என்பார். அவர் போனபின் மாமா ஏற்கெனவே நிறுத்த மாவை மறுபடி நிறுப்பார். அதட்டிக் கேட்கிறவனுக்குப் பதில் சொல்லிவிடலாம். முதுகுவலி கேட்கிறவனுக்கு என்ன சொல்வது?

மாமா குடியுரிமைக்கு மனுப் போட்டிருந்தார். கிடைத்தால் இங்கேயே இருக்கலாம். அதற்குள் ஒரு சின்னச் சந்தேகம் விழுந்தாலும் பிறந்த ஊருக்குக் கப்பலேற்றிவிடுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். மூன்று வயதில் இங்கே வந்தவர் அவர். திருப்பி அனுப்பவிருந்த அந்த ஊரில் அவருக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் ஓர் ஆடு.

“கொடி பிஸ்கட் போட்டுக் குடுத்தா நம்ம பேருக்குக் கொஞ்சம் வெளிச்சம் வரும் மாப்ள,” என்றார். “நிறத்த மட்டும் நீ பாத்துக்க.”

பார்த்தேன். முதலில் எந்த நீலம் என்று தெரியவில்லை. அரசாங்க ஆபீஸ் கம்பத்தில் பறந்தது ஒரு நீலம், துணிக்கடையில் தொங்கியது வேறு நீலம், குழு மாதிரிக்குக் கொடுத்த காகிதக் கொடியில் இருந்தது மூன்றாவது. பத்திரிகையில் பார்க்கலாம் என்றால் அதில் நாடே கறுப்பு வெள்ளை. கடைசியில் கம்பத்துக் கொடியைத் தேர்ந்தெடுத்தேன். அதன் அடியில் நின்று அண்ணாந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவனைக் காவலாளி இரண்டு முறை பார்த்தார். மூன்றாவது முறைக்கு நான் நிற்கவில்லை.

சிவப்புக்குப் பிரச்சனை இல்லை, சிரப் பானத்துக்குப் போடும் புட்டிச் சாயம் இருந்தது. நீலப் புட்டியோ பிஸ்கட்டில் பட்டதும் பாசி நிறமானது. பக்கத்துக் கம்போங் செட்டி கிராமத்து அம்மாள் ஒருவர், பல தலைமுறைக்கு முன் குடியேறி மலாயே வீட்டுமொழியாகிவிட்ட செட்டி வம்சம், மலாய்ப் பாணியில் சாரோங் கெபாயா உடுத்தியவர், தமிழ் அறியாதவர், என் பாடுகளை வேலிக்கு மேலாகப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஒரு கிண்ணம் நிறையச் சங்குப்பூ கொண்டுவந்தார். அவர்கள் சோற்றுக்கு நீலம் ஏற்றும் பூ. “புளிப்பு மட்டும் பட விடாதே. பட்டால் ஊதாவாகிவிடும்,” என்று மலாயில் எச்சரித்தார். கொதிக்கவைத்து வடிகட்டி, சீனிப் பாகு கலந்தேன். தண்ணீராக இருந்தால் பிஸ்கட்டில் ஊறிப் பரவும், கெட்டியாக இருந்தால் முத்திரையோடு திரும்பி வந்துவிடும். நடுவில் ஒரு பதம் உண்டு. அந்தப் பதத்தில் விழுந்தது கம்பத்து நீலமேதான். மஞ்சளுக்கு மஞ்சள்தூள். அதில் ஆராய என்ன இருக்கிறது?

முத்திரைகளைப் பண்டார் ஹிலிரில் ஆபீஸ் ரப்பர் ஸ்டாம்ப் செய்யும் சீனர் வெட்டித் தந்தார், நிறத்துக்கு ஒன்றாக மூன்று. கொடியின் நட்சத்திரத்துக்குப் பதினொரு முனை. அவர் ஐந்துதான் வெட்டியிருந்தார்.

“இந்த அளவில் பதினொன்று வெட்டினால் பூச்சி நசுங்கியது போல இருக்கும், வாத்தியார். மஞ்சள்தானே, யார் எண்ணப் போகிறார்கள்?”

நியாயமாகத்தான் பட்டது.

மாதிரிக்குச் சுட்டதில் நிறம் அருமையாக விழுந்தது. பிஸ்கட்தான் மறுநாளே நமத்துப்போனது. அந்த வாரம் முழுக்க மழை. நிறம் என் இலாகா, மொறுமொறுப்பு மாமாவுடையது. அடுத்த மாவில் அவர் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர் சேர்த்தார். பலகாரம் மொறுமொறுவென்று நிற்க இங்கே பலரும் செய்வதுதான். சற்றுத் தாராளமாகவே சேர்த்தார். விருந்துக்கு முந்தைய மாலை எல்லாவற்றிலும் கொடி அடித்து முடித்தோம். தட்டுத் தட்டாக மஞ்சள் நட்சத்திரங்கள். அந்த நேரம் பார்த்து வேலியில் சைக்கிள் சாய்ந்தது.

ஒரு பிஸ்கட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். “அழகா இருக்கே. நட்சத்திரத்துக்கு எத்தன முனைண்ணே?”

“பதினொண்ணுங்க ஐயா,” என்றார் மாமா.

“ம்.” திரும்ப அதே இடத்தில் வைத்தார். “எனக்கு இப்பல்லாம் கிட்டத்துப் பார்வை சரியில்ல.”

காலையில் டின்னைத் திறந்த மாமா, அடுத்ததையும் அதற்கடுத்ததையும் அவசரமாகத் திறந்தார். நான் எட்டிப் பார்த்தேன். மஞ்சள் எங்கும் இல்லை. எல்லா நட்சத்திரமும் சிவப்பு, ரத்தம் காய்ந்த மாதிரி சிவப்பு. ஐந்து முனை. காட்டுக்காரர்கள் தொப்பியில் குத்திக்கொள்ளும் அதே நட்சத்திரம், டின் டின்னாக, எங்கள் கொட்டகையில்.

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். எத்தனை கல்யாணத்தில் ஆரத்தித் தட்டைப் பார்த்திருக்கிறோம்! எனக்கே ஆரத்தி சுற்றியது இரண்டு முறை. ஆனால் ஆரத்தி கல்யாணத்தில் வருவது, பிஸ்கட் அடுப்பில் வருவது. இரண்டும் ஒரே உலகத்தில் நடக்கின்றன என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

“கப்பல்தான்,” என்றார் மாமா.

“புளிப்புப் பட்டா திரும்ப மஞ்சளாயிரும் மாமா. ஆனா பக்கத்துல இருக்கிற நீலம் ஊதாவாயிரும்.”

மாமா என்னைப் பார்த்தார். அந்தப் பதற்றத்திலும் அவர் மூளை என்னுடையதைவிட வேகமாக ஓடியது. “ஊதாவுக்கு ஏதாச்சும் கட்சி இருக்கா?”

“எனக்குத் தெரிஞ்சு இல்ல.”

“அப்ப லீமாவ் எடு.”

வேலியோரச் செடியிலிருந்த சின்ன எலுமிச்சைகளைப் பறித்துப் பிழிந்தோம். ஈர்க்குச்சியில் பஞ்சைச் சுற்றி நட்சத்திரம் நட்சத்திரமாக ஒற்றினோம். சிவப்பு மஞ்சளானது, நீலம் அதைச் சுற்றி ஊதாவாகக் கன்றிப்போனது. தூரத்திலிருந்து பார்த்தால் கொடி யாரிடமோ அடி வாங்கியது போலிருந்தது. பாதி டின் முடிந்தபோது முதலில் ஒற்றிய பிஸ்கட்டை எடுத்துப் பார்த்தேன். விளிம்பில் மெல்ல ஆரஞ்சு ஏறிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்த சுண்ணாம்பு விடுவதாக இல்லை.

“எவ்வளவு நேரம் தாங்கும்?” என்றார் மாமா.

“சாப்பிடுற வரைக்கும்.”

விருந்தில் மாமா அன்று உபசரித்தது போல் யாரும் யாரையும் உபசரித்திருக்க மாட்டார்கள். தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாக ஓடினார். “சாப்பிடுங்க, சாப்பிடுங்க. கையில வெச்சுக்கிட்டு என்ன பாக்குறீங்க, வாயில போடுங்க!” குழுச் செயலாளர் ஒன்றை எடுத்து, “நீலம் கொஞ்சம்...” என்று ஆரம்பித்தார். “அச்சுல அப்படித்தான் வருமாம், வாத்தியார் சொன்னாரு,” என்று மாமா அவர் வாய்க்குள் இரண்டாவதைத் தள்ளாத குறை. பாட்டு, கைதட்டல், பேச்சு எதுவும் என் காதில் ஏறவில்லை. ஒரு நாடு பிறந்த நாளில், ஒரு வட்டாரம் எவ்வளவு வேகமாக மெல்லும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தட்டுகள் காலியாயின. மாமா அப்போதுதான் முதல் முறையாக உட்கார்ந்தார். கடைசித் தட்டில் ஒன்றே ஒன்று மிச்சம். அதை நோக்கி நான் கை நீட்டுவதற்குள் வேறொரு கை எடுத்துவிட்டது.

“சாப்பிடுங்க ஐயா,” என்றார் மாமா.

“வயிறு நெறஞ்சிருச்சுண்ணே. மகளுக்குக் கொண்டு போறேன்.” போலீஸ்காரர் அதைக் கைக்குட்டையில் பத்திரமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் கொடியவை. சைக்கிள் மணி எங்கே கேட்டாலும் மாமா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். கடைசியில் ஒருநாள் அவர் வந்தார். டீயை வாங்கிக்கொண்டார்.

“ஒங்க மனு மேல போயிருக்குண்ணே. என்கிட்ட விசாரிச்சாங்க. நல்ல மனுசன்னு சொன்னேன்.”

மாமா கும்பிட்டார்.

“அந்த பிஸ்கட்ட மக தின்னவே இல்ல. கண்ணாடிப் போத்தல்ல போட்டு அலமாரியில வெச்சிருக்கா.”

என் வாய் சும்மா இருக்கவில்லை. “நிறம் போகாம இருக்குங்களா?”

அவர் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார். “போகல வாத்தியாரே. வந்திருக்கு.”

டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். எழுந்திருக்கும்போது, பேச்சோடு பேச்சாக, “காட்டுக்குத் தீனி கடைங்கள்லேருந்துதான் போகுது. யாராச்சும் வழக்கத்துக்கு மேல பிஸ்கட் வாங்கினா எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. பேரு மட்டும் போதும்,” என்றார்.

மாமா தலையாட்டினார். வேறு என்ன செய்வார்?

குடியுரிமை வந்தது. கோயிலுக்குப் போனோம், பாயசம் வைத்தோம். ஒரு வாரம் கழித்து உஜோங் பாசிரிலிருந்து ஒருவர் வந்து, தங்கச்சி கல்யாணத்துக்கு எட்டு டின் வேண்டும் என்று கேட்டார். சிரித்த முகம், கையில் மஞ்சள் தடவிய பத்திரிகை. எட்டு டின் என்பது வழக்கத்துக்கு மேல். மாமா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“பெரிய ஆர்டர் எடுக்கிறதில்லீங்க. அடுப்பு சரியில்ல,” என்றார்.

அவருக்குப் பின்னால் கொட்டகையின் கூரையில் புகை நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. வந்தவர் அதையும் பார்த்தார், மாமாவையும் பார்த்தார். பிறகு பத்திரிகையை மட்டும் வைத்துவிட்டுப் போனார்.