கதவு தட்டும் ஹெட்டி

ஹெட்டி எங்களைப் பார்த்ததும் முதலில் கையைத்தான் விசாரிப்பார். தொங்கிக்கொண்டிருக்கும் கையிடம் குனிந்து, முழங்கையைக் கதவுபோல் தட்டி, "உள்ளே யாரு? வெளிய வாங்க, விடிஞ்சாச்சு!" என்பார். பதில் வருமா என்று காதைச் சாய்த்துக் கொஞ்சம் நிற்பார். அதன் பிறகுதான் கைக்குச் சொந்தக்காரன் முகத்துக்கு வருவார்.

நான் பிறக்கும்போதே தோளில் நரம்பு அறுந்தவன். நடக்கத் தெரிவதற்கு முன்பிருந்தே அவரிடம் வருகிறேன். என் இடது கைக்குக் கெவின் என்று பெயர். அவர் வைத்ததுதான். பள்ளிக்கூடத்தை நான் பாதியில் விட்டுவிட்டேன். கெவின் இன்னும் ஹெட்டியிடம் படித்துக்கொண்டிருக்கிறான்.

ஆஸ்திரேலியாவின் வடக்கு குவின்ஸ்லாந்தில் எந்தப் பிள்ளைக்குக் கை முடங்கினாலும், கரும்புத் தோட்டமோ மாட்டுப் பண்ணையோ தீவோ, கடைசியில் எங்கள் ஆஸ்பத்திரியின் அந்த நீள அறைக்குத்தான் வந்து சேரும். டாக்டர்கள் வெட்டித் தைத்துவிட்டுப் போய்விடுவார்கள். வருடக்கணக்காக உட்கார்ந்து கையை எழுப்புவது ஹெட்டியின் வேலை. அவர் ஒரு தையல்காரியின் மகள். பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் போட்டு, ஈரத் துணிபோல் தொய்ந்ததும் எடுத்துக் கையில் சுற்றி, ஆறுவதற்குள் கத்தரித்து, கையைத் தாங்கும் கூடு செய்வார். கல்யாணம் ஒன்று நடந்து முறிந்தது. வீட்டில் காது கேட்காத நாய் ஒன்று இருக்கிறது. அதனிடமும் பேசிக்கொண்டுதான் இருப்பார்.

பிள்ளைகள் வளர்ந்து, பற்றாமல் போன கூடுகளை அவர் எறிவதில்லை. கொக்கி அடித்துச் சுவரில் மாட்டிவிடுவார். வெள்ளையும் நீலமும் ரோஜா நிறமுமாகச் சுவர் நிறைய வெற்று முன்கைகள். ஏசி ஓடும்போது அவை ஒன்றோடொன்று மோதி, டக் டக் என்று மெதுவாகத் தட்டும். புதிதாக வரும் அம்மாக்கள் அந்தச் சுவருக்கு முதுகு காட்டி உட்கார மாட்டார்கள்.

டோர்கஸ், வடக்குக் கடலில் இருக்கும் டாரஸ் தீவுப் பெண். ஐந்து வயது. ட்ரக்கின் பின்னாலிருந்து விழுந்ததில் வலது கை அப்படியே செத்துப்போனது. விலாவிலிருந்து நரம்பை எடுத்துக் கையில் இணைத்தார்கள். எனக்கும் அதே வைத்தியம்தான். அந்த நரம்புக்கு மூச்சு விடுவது ஒன்றுதான் தெரியும். கையில் குடியேறினாலும் பழைய வேலையை விடாது. ஆழமாக மூச்சு இழுத்தால் முழங்கை மடங்கும், தும்மினால் கை எகிறும். வகுப்பில் நான் கை தூக்கியதெல்லாம் தும்மலில்தான். பதிலை எதிர்பார்த்து டீச்சர்தான் பாவம் ஏமாந்தார்.

டோர்கஸின் கையோ மாதக்கணக்கில் அசையவே இல்லை. ஒவ்வொரு முறையும் ஹெட்டி தட்டினார். "உள்ளே இருக்கிறவரே, வெளிய வாங்க!" மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள். டோர்கஸ் சிரிக்கவில்லை. கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன குளிர்காலத்தில் ஒரு மத்தியானம். நான் இறைச்சி அடைத்த சாசேஜ் ரோல் ஒன்றைக் கெவினின் விரல்களில் செருகிக்கொண்டு என் முறைக்காகக் காத்திருந்தேன். எதிரே டோர்கஸ், தன் அம்மா யூனிஸின் மடியில் தூங்கினாள். வலது கையைப் பூப்போட்ட துணியால் வயிற்றோடு சேர்த்து இறுகக் கட்டியிருந்தது. அவள் மூச்சு இழுக்கும்போதெல்லாம் துணி மேலே புடைத்தது. மூச்சு விட்டதும் தணிந்தது. சாக்கில் கட்டிய பூனை முண்டுவதுபோல் இருந்தது.

ஹெட்டி ஓடிவந்தார். "வந்துடுச்சு! கை வந்துடுச்சு!" அதன் பிறகுதான் முடிச்சு கண்ணில் பட்டது. "இது யாரு கட்டினது?"

"அவதான் கட்டச் சொன்னா" என்றார் யூனிஸ். "ராத்திரியில தானா எழும்புது ஹெட்டி. அவ தூங்குறா, அது முழிச்சிருக்கு. மெல்ல மெல்ல கழுத்துகிட்ட வருது. சபையில எல்லாரும் ஜெபம் பண்ணிப் பாத்துட்டோம். சாயங்கால ப்ளேன்ல போறோம், இனிமே வர மாட்டோம். செத்த கையாவே இருந்துட்டுப் போகட்டும்."

"டாக்டர் எதுவும் சொல்லலையா?"

"நரம்பு மாத்துறோம்னு சொன்னாங்க. அது வழியா வேற ஒருத்தர் வருவார்னு சொல்லலையே."

டோர்கஸ் கண் விழித்தாள். "ஆன்ட்டி, அவர் வந்துட்டார்."

"யாரும்மா?"

"நீங்க தட்டித் தட்டிக் கூப்பிட்டீங்களே. அவர்தான். ராத்திரி எனக்குள்ள மூச்சு விடறார்." சுவர்ப் பக்கம் தாடையைக் காட்டினாள். "அதெல்லாம் வெளிய போனவங்களோடது."

எங்கே போனார்கள் என்று யாரும் கேட்கவில்லை. சுவர் டக் டக் என்றது. கெவின் சில்லிட்டதுபோல் இருந்தது. அவன் எப்போதும் சில்லென்றுதான் இருப்பான். ஆனாலும்.

ஹெட்டியின் முகத்தில் ரத்தமே இல்லை. இப்போதுதான் விழித்த தசை. கட்டிப்போட்டு ஊருக்குக் கொண்டுபோனால் திரும்பத் தூங்கிவிடும், பிறகு எழாது. அவர் தரையில் முட்டிபோட்டார்.

"உள்ளே யாரும் இல்லடா தங்கம். நான் சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்."

"இல்ல. அவர் கேட்டுக்கிட்டார்."

ஹெட்டி என் பக்கம் திரும்பினார். "ரெனாட்டோ, தும்மு."

"இப்பவா? தும்மல் என்ன குழாய்த் தண்ணியா, திறந்தா வர்றதுக்கு?"

"பையில மிளகுத்தூள் வெச்சிருப்பே. எனக்குத் தெரியாதா, திருட்டுப் பயலே."

வைத்திருந்தேன். உறிஞ்சினேன். கூரை அதிரத் தும்மினேன். கெவின் எகிறிக் குதித்து, சாசேஜ் ரோலை என் மூக்கிலேயே அப்பினான்.

டோர்கஸ் களுக்கென்று சிரித்தாள். சிரிப்பு அடங்காமல் குலுங்கினாள். ஒவ்வொரு குலுங்கலுக்கும் துணிக்குள் கை துள்ளியது. அது அவளுக்கே தெரிந்துவிட்டது. சட்டென்று நிறுத்தினாள். கையும் நின்றது.

ஹெட்டி இந்த முறை தட்டவில்லை. அவளுடைய நல்ல கையை எடுத்து அவள் விலாவிலேயே வைத்தார். "இப்ப சிரிச்சது யாரு?"

"நான்."

"நிறுத்தினது?"

வெகுநேரம் யோசித்தாள். "நான்."

"மூச்சை இழுத்துப் பிடி. நீ விடுற வரைக்கும் அதுவும் காத்திருக்கும்."

பிடித்தாள். துணி புடைத்து அப்படியே நின்றது. யூனிஸும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கேட்டால், சுவரும்தான். டோர்கஸ் விட்டாள். கை படுத்துக்கொண்டது. இன்னொரு முறை செய்தாள். பிறகு தூங்குகிற நாயை எழுப்பி எழுப்பிப் பார்க்கிற பிள்ளைபோல் விடாமல் செய்தாள்.

"அம்மா, அவிழ்த்து விடு" என்றாள்.

யூனிஸ் முடிச்சில் கை வைத்துவிட்டு ஹெட்டியைப் பார்த்தார். ஹெட்டி டோர்கஸைப் பார்த்தார். முடிச்சு அவிழ்ந்தது.

அன்று சாயங்காலம் அவர்கள் ப்ளேன் ஏறிப் போனார்கள். ஹெட்டி அதன் பிறகு எந்தக் கையோடும் பேசவில்லை. கெவினைக் கண்டால்கூட உதட்டைக் கடித்துக்கொள்வார். அறை ரொம்ப அமைதியாகிவிட்டது. சுவர் தட்டுவது முன்னைவிட நன்றாகக் கேட்டது.

மழைக்காலம் தொடங்கியபோது டோர்கஸ் வந்தாள். துணி இல்லை. வாசலிலேயே நின்றாள். பழக்கதோஷத்தில் முழங்கையை நோக்கி நீண்ட விரலை ஹெட்டி பாதியில் மடக்கிக்கொண்டார்.

டோர்கஸ் நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தாள். கை மெல்ல மடங்கி மேலே வந்தது.

"தட்ட வேணாம் ஆன்ட்டி" என்றாள். "நானே வரேன்."