ஒரிஜினல் வாங்கப் போன ஆள்

என் வீட்டுக்காரர் கங்காதரனுக்கு 'இல்லை' என்ற சொல் வாயில் வராது. கடலோரத்து ஏரிக்கரையில் இருக்கும் கோட்டைக்குப்பத்தில், பஸ் திரும்பும் இடத்தில் பைக் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறார். வேறு மெக்கானிக்காக இருந்தால், "இந்த மாடலைக் கம்பெனியே நிறுத்திட்டான், பார்ட்ஸ் கெடைக்காது, எடைக்குப் போட்டுடு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். இவர் சொல்ல மாட்டார். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடப்பார். "உட்டுட்டுப் போ, பாத்துக்கலாம்" என்பார். வந்தவன் நிம்மதியாகப் போய்விடுவான். இவர் நேராக வீட்டுக்கு வந்து என் சமையலறையில் எதையாவது தேடுவார்.

என் வயிற்றெரிச்சலை யாரிடம் சொல்ல? என் குக்கர் ரப்பர் இப்போது சுரேஷின் வண்டியில் இருக்கிறது. சுரேஷ் எனக்குக் கொழுந்தன் முறை. அவன் வண்டியில் கார்புரேட்டருக்குக் காற்று போகும் வாயில் ரப்பர் கிழிந்துவிட்டதாம். குக்கர் ரப்பரை அளந்து வெட்டிப் போட்டுவிட்டார். அவன் வண்டி பொன்னேரி வரைக்கும் ஜம்மென்று போகிறது. என் வீட்டில் குக்கர் விசில் அடித்து எத்தனையோ நாளாகிறது. தையல் மிஷின் ஸ்பிரிங் எவனுடைய பிரேக் லைட்டிலோ இருக்கிறது. எங்கள் பெண் வைஷ்ணவி பள்ளிக்கூடம் கிளம்பும்போது, "நைனா, என் காம்பஸ் எங்க?" என்று கேட்பாள். "கார்புரேட்டர் ஜெட்டு அடைச்சிக்கிச்சி கண்ணு, குத்தி எடுத்துட்டுத் தந்துடறேன்" என்பார். தந்தும் விடுவார். கணக்கு நோட்டு முழுக்கப் பெட்ரோல் வாசனை அடிக்கும்.

வீட்டில் கிடைக்காதது போட்டில் கிடைக்கும். எங்கள் பக்கத்து உப்புக்காற்றுக்குக் கம்பெனி போல்ட்டு தாங்காது. ஒரு மழைக்காலம் போனால் தலை தனியாக, உடம்பு தனியாக வரும். அதனால் லைட்ஹவுஸ் குப்பத்தில் உடைத்துப் போட்ட பைபர் போட்டுகளிலிருந்து எவர்சில்வர் போல்ட்டுகளைக் கழற்றி வந்து இன்ஜினில் போடுவார். அது துருப்பிடிக்காது என்று அவருக்கு ஒரே பெருமை. துருப்பிடிக்காதுதான். ஆனால் அந்தப் போல்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிற அலுமினியம் வெள்ளை மாவாக உதிர்ந்து, மரை போய்விடும். போல்ட்டு மட்டும் புதுமாப்பிள்ளை மாதிரி பளபளவென்று இருக்கும். அப்போதும் இவர் அசர மாட்டார். ஓட்டையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, அதைவிடத் தடியான போட் போல்ட்டைப் போடுவார்.

எல்லாமே சரியாக வரும் என்றும் இல்லை. ஒருமுறை கார்புரேட்டருக்குள் இருக்கும் மிதவை உடைந்ததற்கு, வலை மிதவையில் ஒரு துண்டு அறுத்துப் போட்டார். பெட்ரோல் அதைக் கரைத்துக் குடித்துவிட்டது. "தண்ணில மெதக்கறதெல்லாம் பெட்ரோல்ல மெதக்காது போல" என்றார். அவ்வளவுதான் அவருடைய வருத்தம்.

தங்கவேல் மாமா எங்கள் ஊர்த் தலைவர். என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா முறை. அவரிடம் ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி இருக்கிறது. ஒருநாள் அதன் இன்ஜின் அடியிலிருந்த டிரெய்ன் போல்ட்டு, அதாவது ஆயில் இறக்குவதற்காக இருக்கும் போல்ட்டு, வழியில் எங்கேயோ விழுந்து ஆயில் முழுக்க ரோட்டில் போய்விட்டது. இவர் வழக்கம்போல் ஓட்டையைப் பெரிதாக்கி ஒரு போட் போல்ட்டைப் போட்டார். வாஷர் இல்லை. வலையில் கட்டும் ஈயக்குண்டு ஒன்றைத் தட்டி வாஷர் ஆக்கினார். அதற்கப்புறம் ஒரு சொட்டு ஆயில் ஒழுகவில்லை. மாமாவும் பேசாமல் ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்.

கெட்ட காலம், அவருடைய மருமகன் சென்னையிலிருந்து வந்தான். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்து, "இன்னா மாமா, இன்ஜின்ல போட்டை மாட்டி வெச்சிருக்கீங்க?" என்று சிரித்துவிட்டான். மறுநாள் காலையிலேயே மாமா ஷெட்டுக்கு வந்துவிட்டார். நான் அப்போது சாப்பாடு கொண்டுபோயிருந்தேன்.

"டேய் கங்காதரா, எனக்கு ஒரிஜினல் போல்ட்டுதான் வேணும். இந்த டூப்ளிகேட் வேலையெல்லாம் என் வண்டில வேணாம்."

"சரி சித்தப்பா."

"பொன்னேரில கெடைக்காதாம். சென்னை புதுப்பேட்டைலதான் கெடைக்குமாம்."

"போய் வாங்கியாறேன் சித்தப்பா."

அவர் போனதும் கேட்டேன். "ஏன்யா, அந்த ஓட்டையத்தான் பெருசு பண்ணிட்டியே. ஒரிஜினல் அதுல சேருமா?"

"சேராது."

"அப்புறம் இன்னாத்துக்குப் போற?"

"அவரு கேட்டாரே" என்றார். சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். எனக்கு வந்த கோபத்துக்குத் தூக்குச்சட்டியை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். குழம்பு நல்ல நண்டுக் குழம்பு, வீணாகுமே என்று விட்டேன்.

வாங்கப் போவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. எப்போது போகிறார் என்பதுதான் விஷயம். பாடு போடும் நாள் வந்துகொண்டிருந்தது.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஏரி பெரிசுதான், ஆனால் இறால் ஏரி முழுக்க ஓடாது. தண்ணீர் இழுத்து ஓடும் சில இடங்களில்தான் ஓடும். எல்லோரும் அங்கேயே வலை கட்டினால் வெட்டுக் குத்தாகிவிடும். அதனால் எந்த இடத்தில் எந்த வீடு எப்போது வலை கட்டுவது என்று ஊரே சீட்டுப் போட்டு முறை பிரிக்கும். அந்த முறைக்குப் பெயர் பாடு. வீட்டு ஆண் ஆள் நேரில் வந்து நின்று சீட்டு எடுக்க வேண்டும். வராவிட்டால் அந்த வருடம் அந்த வீட்டுக்குப் பாடு இல்லை. ஆண் ஆளே இல்லாத வீட்டுக்கு எந்த வருடமும் இல்லை. ஷெட்டு வேலைக்குக் கூலி பாதி நண்டாக வரும், மீதி வராது. நாங்கள் வருடம் முழுக்கச் சாப்பிடுவது பாட்டு இறாலில்தான். வைஷ்ணவியின் படிப்பும் அதில்தான். பாடு போனால் நாங்கள் போனோம்.

சீட்டு வியாழக்கிழமை என்று சொல்லியிருந்தார்கள். இவர் புதன்கிழமை முதல் பஸ்ஸுக்குப் புதுப்பேட்டை கிளம்பினார். ஒருநாள் வேலைதானே என்று நானும் விட்டேன். அன்றைக்கு மத்தியானம் பக்கத்து ஊரான தோணிரேவிலிருந்து சாவுச் செய்தி வந்தது. செத்தவர் எங்கள் ஊரில் பாதிப் பேருக்குச் சொந்தக்காரர். வியாழக்கிழமை எடுப்பு. எல்லோரும் அங்கே போக வேண்டும் என்பதால், சீட்டை இன்றைக்கே போட்டுவிடலாம் என்று தங்கவேல் மாமா சொல்லிவிட்டார்.

போன் போட்டேன். எடுத்த உடனே, "பூவிழி, ஒரிஜினல் கெடைச்சிடுச்சி" என்றார். அவ்வளவு சந்தோஷம். விஷயத்தைச் சொன்னேன். பிறகு, "பஸ்ஸு மீஞ்சூர்ல ரயில் கேட்டாண்ட நிக்குது. சித்தப்பா கிட்டச் சொல்லி சித்த நேரம் தள்ளி வெக்கச் சொல்லேன்" என்றார். குரல் உள்ளே போய்விட்டது.

அந்தப் போல்ட்டின் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துபோகும். சாயங்காலம் வந்து, மாமாவின் முன்னாலேயே பிளாஸ்டிக் உறையைப் பிரித்து ஒரிஜினலை ஓட்டைக்குள் விட்டார். விரலை எடுத்ததும் அது ணங்கென்று கீழே விழுந்தது. "இன்னாடா இது?" என்றார் மாமா. "ஒரிஜினல் சித்தப்பா." "சேரலயே." "சேராது சித்தப்பா." "தெரிஞ்சே இன்னாத்துக்குடா போன?" "நீங்க சொன்னீங்களே." போட் போல்ட்டு திரும்பவும் உள்ளே போனது. இன்றைக்கும் அதுதான் இருக்கிறது.

ஆனால் மத்தியானம் அம்மன் கோயில் முன்னால் உட்கார்ந்திருந்த தங்கவேல் மாமாவுக்கு இதெல்லாம் தெரியாது. ஆண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். வண்டிகளை வரிசையாக வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்தார்கள். காலண்டர் தாளைக் கிழித்து எழுதிய சீட்டுகள் ஒரு செம்புக்குள் இருந்தன. பெண்கள் குழாயடியில் குடம் பிடிக்கிற மாதிரி நின்று பார்ப்பார்கள், பக்கத்தில் போவதில்லை. நான் பக்கத்தில் போனேன். சித்த நேரம் தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்டேன்.

"எல்லாரும் சாவுக்குக் கெளம்பணும். ஒரு ஆளுக்காக ஊரு காத்துக்கினு இருக்குமா?" என்றார் மாமா.

பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொருவராகப் போய்க் கைவிட்டு எடுத்தார்கள். நல்ல இடம் வந்தவன் சிரித்தான், வராதவன் அம்மனைப் பார்த்தான். "கங்காதரன்" என்று கூப்பிட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. நான் செம்புக்கு முன்னால் போய் நின்றேன்.

"இன்னாம்மா?"

"சீட்டு எடுக்க வந்தேன் மாமா."

"கங்காதரன் வரலயா?"

"உங்களுக்குப் போல்ட்டு வாங்கப் போயிருக்காரு."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஆம்பள ஆளு வந்து நிக்கணும். வரலன்னா இந்த வருசம் கெடையாது. எனக்கொண்ணும் உன் மேல கோவமில்ல, ஊரு வழக்கம்."

"அனுப்பி வெச்சது நீங்க. ஆளு வரலன்னு சொல்றதும் நீங்க. நல்லாக்குது மாமா நாயம்."

"அது வண்டி விசயம். இது பாட்டு விசயம். ரெண்டையும் போட்டுக் கொழப்பாத."

எனக்கு அதுவரைக்கும் அழுகைதான் வந்துகொண்டிருந்தது. அந்த வார்த்தையைக் கேட்டதும் அழுகை போய்விட்டது.

"நான் கொழப்பல. அதோ மரத்தடில நிக்கிற வண்டிங்கள பாருங்க. சுரேசு வண்டில என் குக்கர் ரப்பரு. அதுக்குப் பக்கத்துல நிக்கறதுல என் தையல் மிசினு ஸ்பிரிங்கு. உங்க வண்டில போட்டு போல்ட்டு, வலை ஈயம். ஒரு வண்டியாவது முழுசா கம்பெனி வண்டியா? அதுல ஏறித்தானே எல்லாரும் குந்த வந்தீங்க? ஓடலயா? அசல் கெடைக்கலன்னா இருக்கறத போட்டு ஓட்டறீங்க இல்ல? இன்னிக்கு என் வூட்டு ஆம்பள இல்ல. நான் இருக்கேன். போட்டுப் பாருங்க."

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெரியவர், "பொம்பள கை பட்டா எறாலு போயிடும்" என்றார்.

"எறாலுகிட்ட கேட்டீங்களா?" என்றேன்.

இந்தத் தடவை சத்தமாகவே சிரித்தார்கள். சுரேஷ் எழுந்தான். "எடுக்கட்டும் பெரிப்பா. வலை கட்டப் போறது அண்ணன்தானே. அண்ணி சீட்டுதானே எடுக்கறாங்க?" என்றான். அவன் வண்டி நாளைக்கு நின்றாலும் எங்கள் ஷெட்டுக்குத்தானே வர வேண்டும். மாமா அவனைப் பார்த்தார், மரத்தடி வண்டிகளைப் பார்த்தார், கடைசியாக அம்மனைப் பார்த்தார். அம்மன் ஒன்றும் சொல்லவில்லை. செம்பை என் பக்கம் தள்ளினார்.

அவ்வளவு வாய் பேசினேனே தவிர, உள்ளே கையை விட்டதும் ஒரு சீட்டைப் பிடித்தேன், அதை விட்டுவிட்டு இன்னொன்றைப் பிடித்தேன். தப்பான இடம் வந்தால் ஊரே என்னைத்தான் சொல்லும். ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தேன். மாமா பிரித்துப் படித்தார். பெரிய இடமும் இல்லை, மோசமும் இல்லை. நடுவில் ஒரு இடம். எங்கள் வீட்டுக்கு அது போதும். வைஷ்ணவியின் பள்ளிக்கூடம் நிற்காது.

மாமா அடுத்த பெயரைக் கூப்பிட வாயெடுத்தார். அப்போது குழாயடியிலிருந்து ஜெயம்மா அக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். எங்கள் பின்தெருவில் இருக்கிறாள். அவள் புருஷன் ஒரு மழைக்காலத்தில் ஏரிக்குப் போனவர் பிணமாகத்தான் கரைக்கு வந்தார். பிள்ளை இல்லை. அந்த வருடமே அவர்கள் வீட்டுப் பாட்டை ஊர் எடுத்துவிட்டது. அதிலிருந்து அடுத்தவர் வலையில் இறால் பொறுக்கிக் கொடுத்துத்தான் பிழைக்கிறாள். இத்தனை வருடமாக யாரிடமும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

என் பக்கத்தில் வந்து நின்றாள். முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"என் வூட்டு ஆளும் வரல" என்றாள்.

கூட்டத்தில் ஒருவரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் புருஷனை ஏரியிலிருந்து தூக்கி வந்தவர்களில் பாதிப் பேர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். தங்கவேல் மாமா செம்புக்குள் பார்த்தார். பேசியபோது அவர் குரல் தலைவர் குரலாக இல்லை.

"வூட்டுக்கு ஒண்ணுன்னு கணக்காத்தான் எழுதியிருக்கு ஜெயம்மா. உன் வூட்டுக்குச் சீட்டு எழுதலயே."

"எழுதுங்க" என்றாள் ஜெயம்மா அக்கா. "நான் நிக்கிறேன்."

சுரேஷ் தன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினான். மாமா அதை வாங்கினார்.