ஆடி கழியட்டும்

எத்திராஜ் வாயிலிருந்து "முடியாது" என்ற சொல்லை யாரும் கேட்டதில்லை. "சரி" என்ற சொல்லையும்தான். பெங்களூர் பொம்மனஹள்ளியில் ஒரு சின்ன லேத் பட்டறையில் அவருக்கு வேலை. குடியாத்தத்திலிருந்து வாலிப வயதில் வந்தவர், அப்படியே தங்கிவிட்டார். யூனியன்காரர்கள் ஊர்வலத்துக்குக் கூப்பிட்டால் "ஆகட்டும்" என்பார். கோயில் கமிட்டியில் சேரச் சொன்னால் "அதுக்கென்ன, பாக்கலாம்" என்பார். பேச்சு அவ்வளவு இதமாக இருக்கும், காரியம் மட்டும் ஒரு அங்குலம் நகராது. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும், அந்த மனுஷனுக்கு விரோதி என்று ஒரு ஆள் கிடையாது. அவர் மனைவி ருக்கு, ஒரு தடவையாவது திருப்பதிக்குப் போக வேண்டும் என்று வருஷக்கணக்கில் கேட்டாள். "போலாம் போலாம்" என்றே வந்தது பதில். கடைசியில் அவள் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள்.

அதற்குப் பிறகு வீட்டில் அவரும் மகள் வேதநாயகியும்தான். காலையில் எழுந்து சமைத்து, அப்பாவுக்கு டப்பா கட்டி வைத்துவிட்டு, கார்மெண்ட்ஸ் கம்பெனி வேனைப் பிடிக்க ஓடுவாள் வேதா. அந்தக் கம்பெனியில் தையல் மெஷின்களைப் பழுது பார்க்கிறவன் பாலகுமார். ஆனேக்கல்காரன், நல்ல பிள்ளை. அவளிடம் நேராகவே கேட்டுவிட்டான். "அப்பாகிட்ட வந்து கேளுங்க" என்றாள் இவள். சொன்னபடியே அம்மா முத்தம்மாவை அழைத்துக்கொண்டு, தட்டில் பூவும் பழமும் வெற்றிலையுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றான். தொண்ணூற்றேழாம் வருஷம், ஆனி மாதம்.

"உங்க பொண்ண எங்க வூட்டுக்குக் குடுங்கண்ணா. எனக்குப் பொண்ணு இல்ல, மக மாதிரி வச்சிக்கிறேன்" என்றாள் முத்தம்மா.

எத்திராஜுக்குப் பையனைப் பிடித்திருந்தது. விசாரித்ததில் சாதி சனம் எல்லாம் ஒத்துப்போயிற்று. ஆனால் வேதா அந்த வாசலைத் தாண்டிப் போய்விட்ட பிறகு விளக்கேற்றாத வீட்டுக்குள் தான் மட்டும் பூட்டைத் திறந்துகொண்டு நுழைவதை நினைத்துப் பயந்தார். அதை வெளியே சொல்ல வெட்கம். வேண்டாம் என்று சொல்லவோ மனசு வரவில்லை.

"ஆஷாடம் பொறந்துடுச்சும்மா. கழியட்டும், பாக்கலாம்" என்றார்.

ஆஷாடம் கன்னடக்காரர்களுக்கு. அந்த மாதத்தில் அவர்கள் நல்ல காரியம் எதுவும் பேச மாட்டார்கள். நமக்கு என்ன வந்தது? வீட்டுச் சொந்தக்காரர் கோவிந்தப்பாவுக்கு உள்ள விலக்கை எத்திராஜ் இரவல் வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். அது முடிவதற்குள் நம்முடைய ஆடி வந்துவிட்டது. "ஆடியில யாராவது கல்யாணம் பேசுவாங்களா, கழியட்டும்" என்றார். ஆவணி வந்தது, தங்கச்சி வீட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றார். அப்புறம் மகாளயம், புரட்டாசி. தீபாவளி நெருங்கிவிட்டது. மார்கழி. தை பிறந்தது, அந்த மாதம் ருக்குவின் திதி. இரண்டு பாஷைக்காரர்களின் பஞ்சாங்கமும் கைவசம் இருந்தால் வருஷத்தில் ஒரு நாள்கூட மிஞ்சாது போலிருக்கிறது.

பாலகுமார் சளைக்கவில்லை. வருவான், மிக்ஸியைக் கழற்றி மாட்டுவான், டியூப் லைட்டைச் சரி செய்வான், காபி குடிப்பான். கிளம்பும்போது மெல்ல ஆரம்பிப்பான்.

"மாமா, அந்த விஷயம்..."

"இருக்கட்டும்பா. எங்க போயிடப் போகுது, பாக்கலாம்."

சமையலறைக் கதவோரம் நின்று வேதா கேட்டுக்கொண்டிருப்பாள். வேன் நிற்கும் இடத்தில் ஒரு நாள் பாலகுமார் அலுத்துப்போய்க் கேட்டான்.

"உங்கப்பாவுக்கு இஷ்டமா இல்லையா வேதா?"

"வேண்டாம்னு சொல்லலையே. சொல்லுவாரு, கொஞ்சம் பொறுங்க" என்றாள்.

இப்படியே இரண்டாவது ஆடியும் கழிந்தது. கோவிந்தப்பாவே ஒரு நாள் வாடகை ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு கடிந்துகொண்டார். "ஏன் எத்திராஜ் அவ்ரே, ஹுடுகிக்கு, உங்க பொண்ணுக்கு, வயசாகலையா? ஆ ஹுடுகா, பாவம் அந்தப் பையன், எவ்ளோ நாள் வந்து வந்து போவான்?" எத்திராஜ் சிரித்தார். மழுப்பல் சிரிப்பு. பொண்ணைப் பெற்ற மனுஷன் சிரிக்கிற சிரிப்பா அது?

கார்த்திகையில் முத்தம்மா தனியாக வந்தாள். மூச்சு வாங்கிற்று. தண்ணீர் கொடுத்தும் குடிக்காமல் சொம்பைக் கையில் பிடித்தபடி சொன்னாள்.

"அண்ணா, எனக்கு உடம்பு சரியில்ல. நான் கண்ண மூடறதுக்குள்ள அவனுக்கு ஒருத்தி வரணும். வேணும்னா வேணும்னு சொல்லுங்க, வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க. நான் கோவிச்சிக்க மாட்டேன்."

"சரி" என்ற சொல் எத்திராஜுக்கு நாக்கு வரைக்கும் வந்தது. வேதா கதவோரம் நிற்பது தெரிந்தது. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்திருந்தால் போதும், எல்லாம் முடிந்திருக்கும். அவர் பார்க்கவில்லை.

"மார்கழி வரப்போகுது. தை பொறக்கட்டும்மா, பாக்கலாம்."

முத்தம்மா சொம்பைக் கீழே வைத்தாள். போய்விட்டு வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் படியிறங்கிப் போனாள்.

தை பிறந்தது. பாலகுமார் வரவில்லை. ஓசூரில் வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டான் என்று வேன் சிநேகிதி ஷில்பா வேதாவிடம் சொன்னாள். பங்குனியில் அவனே வந்தான், கையில் மஞ்சள் தடவிய பத்திரிகையோடு. பொண்ணு ஓசூர். சொந்தத்தில் ஒருத்தி, அம்மா முடித்துவைக்கிறாள். பெரியவர் என்று எத்திராஜ் காலைத் தொட்டுக் கும்பிட்டான். வேதா எப்போதும் போலக் காபி கொண்டுவந்து வைத்தாள். அவன் டம்ளரைத் தூக்கிக் குடித்துவிட்டுத் தலையைக் குனிந்தபடி போனான்.

எத்திராஜுக்கு அன்று பட்டறைக்குப் போகத் தோன்றவில்லை. கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார். தான் செய்தது என்ன என்று அவருக்குத் தெரிந்தேயிருந்தது. இரண்டு வருஷமும் தெரிந்திருந்தது. பெற்ற மகளைத் தன் சோற்றுக்கும் துணைக்கும் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டிருக்கிறோம், அதை ஆடி என்றும் மார்கழி என்றும் பெயர் மாற்றிச் சொல்லியிருக்கிறோம். இருந்தாலும் மனுஷ மனசு ஒரு சாக்கைப் பிடித்துக்கொள்ளத்தானே பார்க்கும்.

சாயங்காலம் வேதா முற்றத்துக் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றார்.

"வேதா, எம்மேல கோவமாம்மா? நான் ஒரு நாளும் வேண்டாம்னு சொல்லலையேம்மா."

அவள் தேய்ப்பதை நிறுத்தினாள். முகத்தில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை.

"ஒரே ஒரு தடவ வேண்டாம்னு சொல்லியிருந்தீங்கன்னா, அன்னிக்கே நான் அவரோட போயிருப்பேம்பா" என்றாள்.