மூன்றாம் நம்பர் நின்ற பிறகு

கார்க் கதவுகளுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் அந்தத் தொழிற்சாலையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் இருபத்தேழு வருஷம் நின்றவர் என்பதால் ‘மூணாம் நம்பர்’ என்றே ஆகிவிட்டார். மனைவிகூட எப்போதாவது கோபம் வந்தால், “உங்க மூணாம் நம்பரையே கட்டிக்கிட்டு இருந்திருக்கலாமே” என்பாள்.

மொத்தம் பன்னிரண்டு பிரஸ்கள். ஒவ்வொன்றும் இரண்டு ஆள் உயரத்துக்கு மேல். தகட்டை அச்சின்மேல் சரித்து வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும். மேலிருந்து இரும்பு இறங்கும். தரை அதிரும், பல் அதிரும். பன்னிரண்டும் சேர்ந்து ஓடுகிற இடத்தில் பக்கத்தில் நிற்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே யாரும் பேசுவதில்லை, கை காட்டுவார்கள். மூக்கைத் தொட்டால் சூப்பர்வைசர் வருகிறார் என்று அர்த்தம். அவருக்கு எந்நேரமும் ஜலதோஷம். இரண்டு விரலை மடக்கினால் அச்சு தளர்ந்திருக்கிறது. மிச்சத்தை உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள். இப்படிப்பட்ட இடத்தில் ஒருவருக்குக் காது போனால் யாருக்குத் தெரியப்போகிறது? அவருக்கே தெரியவில்லை.

காதில் வைத்துக்கொள்ள கம்பெனி அடைப்பான் கொடுத்திருந்தது. வைத்தால் பிரஸ்ஸின் சத்தத்தில் வரும் சின்ன மாறுதல் தெரியாது. தகடு கோணலாகச் சிக்கியிருக்கிறது என்பதை முதலில் சொல்வது அந்த மாறுதல்தான். ஆகவே பெரிய அதிகாரிகள் சுற்றிப்பார்க்க வரும் நாளில் மட்டும் அடைப்பான் காதுக்குப் போகும், மற்ற நாளெல்லாம் சட்டைப்பையில் கிடக்கும்.

வீட்டில் அவருக்கு ஒரு வழி பழகியிருந்தது. மனைவி ஏதாவது சொன்னால் முகத்தைப் பார்ப்பார். முகம் சாதாரணமாக இருந்தால் “ம்.” புருவம் நெரிந்திருந்தால் “பாக்கலாம்.” இந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டே பல வருஷம் குடும்பம் ஓடியது. அவள் சொல்வது சரியாக விழவில்லை என்பதை வேலைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டார். அவளோ, இந்த மனுஷர் எதையும் காதில் போட்டுக்கொள்வதில்லை என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வந்தாள். ஒரு நாள் வழக்கம்போல அவர் “ம்” என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பெட்டி, ஒரு சைக்கிள், ஒரு மேஜை விசிறியோடு அவளுடைய தம்பி வந்து இறங்கினான்.

“நீங்களே வரச் சொன்னீங்களாமே மாமா. அக்கா சொன்னா” என்று சிரித்துக்கொண்டே வாசலில் நின்றான். அவர் திருதிருவென்று விழித்தார். அவன் உள் அறையில் கட்டிலைப் போட்டுக்கொண்டான், அங்கேயே தங்கிவிட்டான்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் பிரஸ்கள் நிற்க ஆரம்பித்தன. எழுபது துண்டு சேர்த்துச் செய்த பகுதியைப் புதிய கார்களில் ஒரே வார்ப்பாக ஊற்றி எடுத்துவிடுகிறார்களாம் என்று பேச்சு வந்தது. கதவுத் தகட்டையும் இதைவிடக் குறைந்த கூலிக்கு அடித்துத் தரும் இடம் கிடைத்துவிட்டதாம். பன்னிரண்டாம் நம்பர் நின்றது. பதினொன்று நின்றது. அடுத்த மாதத்தில் பத்தும் ஒன்பதும். நின்ற பிரஸ்கள்மேல் நீலத் தார்ப்பாயை இழுத்து மூடினார்கள். ஆட்களைப் பத்துப் பேர், பதினைந்து பேர் என்று அனுப்பினார்கள்.

எல்லோருக்கும் வேலை போய்விடும் என்ற பயம். அவருக்கும்தான். ஆனால் மற்றவர்களுக்கு இல்லாத ஒரு பயம் அவருக்குச் சேர்ந்துகொண்டது. சத்தம் குறையக் குறைய ஜனங்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பதினைந்து வருஷமாகப் பக்கத்தில் நின்ற பெரிய மீசைக்காரருக்குக் கீச்சுக் குரல் என்று அப்போதுதான் தெரிந்து எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவரும் சிரித்தார், எதற்கு என்று தெரியாமல். யாரும் இப்போது எதிரில் வந்து நின்று கை காட்டுவதில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்தே சொல்லிவிட்டுப் போனார்கள். சூப்பர்வைசர் மூன்று முறை கூப்பிட்டும் திரும்பவில்லை என்று ஒருநாள் முகம் சிவந்து வந்து நின்றபோதுதான் அவருக்கு விளங்கியது. களைப்பெல்லாம் இல்லை. காது போய்விட்டது.

அன்றிலிருந்து மெஷின் ஓடும்போதும் பாதிக் கண்ணைப் பின்னால் வைத்துக்கொண்டே வேலை செய்தார். கம்பெனி டாக்டரிடம் போனால் ‘தகுதி இல்லை’ என்று ஒரு வரி எழுதிவிடுவார், அந்த வரி எங்கே போனாலும் கூடவே வரும், இந்த வயதில் அதற்குப் பிறகு யார் சேர்ப்பார்கள் என்று நினைத்து அந்தப் பக்கமே போகவில்லை.

ஒரு காலையில் அடித்த தகடுகளை எண்ணி அடுக்கிவிட்டுப் பின்னால் நகர்ந்தார். யாரோ சட்டைக் காலரைப் பிடித்துச் சுண்டி இழுத்தார்கள். தடுமாறி ஒரு தூணில் போய் மோதிக்கொண்டார். அவர் நின்றிருந்த இடத்தைச் சுமைதூக்கி வண்டி பின்பக்கமாகவே கடந்து போனது. ஓட்டுநர் கையை ஆட்டி ஏதோ திட்டினார். காலரைப் பிடித்திருந்தவள் பேக்கிங் அக்கா. எல்லோருக்கும் அவள் அக்காதான். தகடுகளுக்கு நடுவே காகிதம் வைத்துக் கட்டுகிறவள், அவரைவிட மூன்று வயது மூத்தவள். அவருடைய முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அவ்வளவு ஹார்ன் அடிச்சானே தம்பி. கேக்கலையா?”

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். பிறகு, “யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அக்கா” என்றார். எவ்வளவு சத்தமாகச் சொன்னோம் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. அவள் உதட்டில் விரலை வைத்தாள்.

அதுபோலவே அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. தன் மேஜையைக் கொஞ்சம் நகர்த்தி, அவருக்குத் தெரிகிற இடத்தில் போட்டுக்கொண்டாள். வண்டி வந்தால் கையைத் தூக்குவாள்.

மூன்றாம் நம்பர் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் நின்றது. மீதமிருந்த நாற்பது பேரைக் கூப்பிட்டு நிறுத்தி, மானேஜர் ஒரு மரப்பலகைமேல் ஏறிப் பேசினார். வாய்க்கு நேரே காகிதத்தைப் பிடித்துக்கொண்டு படித்தார். உதடு தெரியவில்லை. இவர் சுற்றிலும் இருந்த முகங்களைப் பார்த்தார். மீசைக்காரர் தொப்பியைக் கழற்றினார். ஒருவர் உட்கார்ந்துவிட்டார். இன்னொருவர் எதற்கோ சிரித்தார். நல்லதா கெட்டதா, இன்றைக்கா அடுத்த மாதமா, பணம் உண்டா இல்லையா, ஒன்றும் புரியாமல் அவரும் மற்றவர்களோடு தலையை ஆட்டினார். வெளியே வந்து, சைக்கிள் ஸ்டாண்டில் அக்காவைத் தேடிப் பிடித்துத்தான் கேட்டார்.

“என்ன சொன்னாரு?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்கு நேரே திரும்பி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். “இன்னிக்கோட சரி தம்பி. நாளைக்கு வர வேண்டாமாம்.”

அதற்குப் பிறகு அக்கா ஒரு அடுக்குமாடியில் படிக்கட்டு துடைக்கப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டார். பார்க்க வாய்க்கவில்லை.

வீட்டில் இருந்த நாட்களில் அவரை அதிகம் பயமுறுத்தியது போன்தான். வேலைக்கு எழுதிப்போட்ட இடங்களிலிருந்து யார் கூப்பிட்டாலும் போனில்தான் கூப்பிடுவார்கள். போனில் உதடு ஏது? அது சட்டைப்பையில் அதிரும்போதெல்லாம், ‘தொண்டை கட்டிக்கொண்டது, நீயே பேசு’ என்று மச்சினனிடம் நீட்டினார். அவனுக்குப் பேசக் கற்றுத்தர வேண்டியதில்லை. அவராகவே மாறிப் பேசினான். பேச்சு வாக்கில் கம்ப்யூட்டர் தெரியும் என்றும், மூன்று பாஷை வரும் என்றும் அடித்துவிட்டான். ஊருக்கு வெளியே இருந்த ஒரு பெரிய கிடங்கில் நேரில் வரச் சொன்னார்கள்.

கிடங்கு அதிகாரிக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டர் திரை அவருடைய முகத்தில் பாதியை மறைத்தது. இவர் நாற்காலியை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தார், வாய் அகப்படவில்லை. குருட்டாம்போக்கில் பதில் சொன்னார். “இருபத்தேழு சார்” என்று ஒரு கேள்விக்குச் சொன்னபோது அதிகாரி திரையைத் தாண்டி எட்டிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். கேட்டது எத்தனை குழந்தைகள் என்று, பிற்பாடுதான் விளங்கியது. ஆள் வேடிக்கையானவர் என்று நினைத்தாரோ என்னவோ, சேர்த்துக்கொண்டார். மாதத்துக்கு மாதம் புதுப்பிக்கிற வேலை.

முதல் நாள் காலையில் ஆளுக்கொரு காதுக்கருவி கொடுத்தார்கள். கருவியில் ஒரு குரல் எந்த அலமாரிக்குப் போக வேண்டும் என்று சொல்லும். போனதும் அலமாரியில் ஒட்டியிருக்கும் எண்ணை நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு எத்தனை பெட்டி என்று சொல்லும். வலது காதோடு வைத்து அழுத்திப் பார்த்தார். எங்கோ ஒரு ஈ முனகுவதுபோல் இருந்தது. “மறுபடி சொல்லு” என்றால் மறுபடி சொல்லும் என்று பயிற்சியில் காட்டியிருந்தார்கள். அன்றைக்கு அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லியே அவருக்கு வாய் வலித்தது. சாப்பாட்டு அறையில் ஒரு பெரிய திரை உண்டு. யார் எத்தனை பெட்டி எடுத்தார்கள் என்பதை அது காட்டும். கடைசி வரியில் சிவப்பு எழுத்தில் அவருடைய பெயர். இருபத்தேழு வருஷம் யாரும் கூப்பிடாத பெயர், எல்லோரும் பார்க்கிற மாதிரி அங்கே எரிந்துகொண்டிருந்தது.

இரண்டாம் நாள் அவர் ஒரு தந்திரம் செய்தார். கருவியை மாட்டிக்கொண்டு, முன்னால் போகிறவர் எந்த வரிசையில் நுழைகிறாரோ அதே வரிசையில் நுழைந்து, அவர் எடுப்பதையே எடுத்தார். மத்தியானத்துக்குள் பிஸ்கட் ஏற்ற வேண்டிய லாரியில் நாற்பது பெட்டி தரை துடைக்கும் திரவம் போயிருந்தது. அதிகாரி கூப்பிட்டனுப்பினார்.

அறையில் போய் நின்றார். அதிகாரி அன்றைக்கும் திரைக்குப் பின்னால்தான் இருந்தார். ஏதோ கேட்டார். நெற்றியும் கண்ணும் மட்டும் தெரிந்தன. புருவம் நெரியவில்லை. பழக்கம் வாயில் வந்துவிட்டது.

“ம்.”

அதிகாரி எழுந்துவிட்டார். அவருடைய முகம் மாறிய மாற்றத்தில், சொல்லக் கூடாத எதற்கோ சரி சொல்லிவிட்டோம் என்று புரிந்தது. இப்போது வாய் தெரிந்தது. “வேணும்னே செஞ்சேன்னு என்கிட்டயே சொல்றீங்களா?”

“இல்ல சார். எனக்குக் காது கேக்காது சார்.”

அந்த வார்த்தையை அவர் அதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. சொன்னதும் இன்னும் பயமாகிவிட்டது, திருப்பி எடுத்துக்கொள்ள முடியாதே. அதிகாரி உட்கார்ந்தார். ஒரு தாளில் எழுதி நீட்டினார். இங்கே எல்லா வேலையும் கருவியோடு சேர்ந்தது என்று எழுதியிருந்தது. அதன் கீழே, லாரியில் ஏற்றி இறக்கும் மேடையில் மட்டும் கருவி இல்லை, ஒரு இடம் காலி. வேண்டுமா?

மேடை எப்படி இருக்கும் என்று அவர் பார்த்திருந்தார். ஆறு சுமைதூக்கி வண்டிகள் குறுக்கும் நெடுக்கும் பின்பக்கமாக ஓடுகிற இடம். பேக்கிங் அக்கா இழுத்த இழுப்பு காலரில் இன்னும் இருப்பதுபோல் தோன்றியது. வேண்டும் என்று தலையை ஆட்டினார்.

அன்று சாயங்காலம் மனைவியை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் முதலில் நம்பவில்லை. பிறகு கோபப்பட்டாள். எழுந்து சமையலறைக்குப் போய், உடனே திரும்பி வந்து, அவர் முகத்துக்கு நேரே நின்றாள்.

“அப்போ இத்தனை வருஷமா ம், ம்னது?”

“முகத்தைப் பாத்துச் சொன்னதுதான்.”

“என் தம்பி வந்தது?”

“அதுவும்தான்.”

உள் அறையைத் திரும்பிப் பார்த்துவிட்டு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று அவருக்குத் தெரியவில்லை. அடங்கியதும் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, பின்னாடி வண்டி வந்தா என்ன செய்வீங்க என்று கேட்டாள்.

மேடையில் அவருக்கு இது ஏழாவது மாதம். மனைவியின் வற்புறுத்தலில் காதுக்கு ஒரு மெஷின் வாங்கிப் போட்டுப் பார்த்தார்; வீட்டில் கொஞ்சம் உதவுகிறது, மேடையில் எல்லா இரைச்சலையும் ஒன்றாகக் கொண்டுவந்து மண்டைக்குள் கொட்டுகிறது. கழற்றிவிட்டார். சுவரை ஒட்டியே நடக்கிறார். பத்தடிக்கு ஒருமுறை கழுத்தைத் திருப்புகிறார். ஆறு ஓட்டுநர்களின் முகங்களும் அவருக்குப் பாடம். எவர் பேசிக்கொண்டே ஓட்டுவார், எவர் பிரேக்கைக் கடைசியில்தான் மிதிப்பார், எவர் கண்ணைப் பார்த்துவிட்டால் நிச்சயம் நிறுத்துவார், எல்லாம் தெரியும். அடுத்த மாதமும் யாருக்கு வேலை என்று மாதக் கடைசியில் ஒட்டுகிற பட்டியலில் இதுவரை பெயர் இருந்துவருகிறது.

போன வாரம் மூன்று பேர் அளவெடுக்கும் நாடாவோடு மேடைக்கு வந்தார்கள். தரையில் வெள்ளைக் கோடு போட்டார்கள். ஓட்டுநர் இல்லாத வண்டிகள் வரப்போகின்றன என்று ஒரு ஓட்டுநர் அவருக்குக் காட்டினார்: ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல் கையை வைத்து, பிறகு கையை விரித்து, ஒன்றுமில்லை என்று. அந்த ஆளின் முகம் வெளுத்திருந்தது.

மூன்றாம் நம்பர் சுவரோரமாகவே போய், கோடு போட்டுக்கொண்டிருந்தவர் பக்கத்தில் நின்றார்.

“சார், குறுக்கே ஆள் நின்னா அந்த வண்டிக்குத் தெரியுமா?”

அந்த மனுஷர் குனிந்து நாடாவைத் தரையில் பிடித்தபடியே ஏதோ பதில் சொன்னார். வாய் தெரியவில்லை. இவர் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வருவதற்குள் அவர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு அடுத்த கோட்டுக்குப் போய்விட்டார்.